ஒளி குறையும் மாதங்கள்: ரொறன்ரோக் குளிர்காலத்தில் மனச்சோர்வைத் தணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். அங்கே பிறந்து வளர்ந்தவருக்குக் காலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் எழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டி மறைவதும் மாறாத உலக நியதி. ரொறன்ரோவிலோ ஜூன் மாதத்தில் பதினைந்தரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பர் 21ஆம் திகதியளவில் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. காலை 7.48க்கு எழும் சூரியன் மாலை 4.44க்கு மறைந்துவிடும். இந்தச் சிறிய பகலையும் பெரும் ஏரிகளிலிருந்து எழும் ஈரம் முகிலாகித் திரண்டு மூடிக்கொள்வதால், நவம்பரும் டிசம்பருமே இந்நகரத்தில் வெயிலை மிகக் குறைவாகக் காணும் மாதங்களாக உள்ளன.

நாங்கள் இங்கு வந்து இறங்கிய ஆண்டில் எல்லோரும் குளிரைப் பற்றியே எச்சரித்தார்கள். எந்த ஜக்கெற் வாங்குவது, எந்தச் சப்பாத்து உறைபனியில் வழுக்காது, காதை எப்படி மூடுவது என்றெல்லாம் கற்றுத் தந்தவர்கள் இருளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் யன்னல் இல்லாத ஒரு பொதிக்கூடத்தில் நான் வேலை செய்த ஆண்டுகளில், விடியுமுன் உள்ளே போய், பொழுது சாயும் வேளையில் வெளியே வந்தேன். தை மாதமாகும்போது எதிலும் விருப்பமில்லாமல், பத்து மணி நேரம் தூங்கியும் களைப்புத் தீராமல், தொலைபேசி அடித்தாலும் எடுக்க மனமில்லாமல் கிடந்தேன். சோம்பல் என்று வீட்டார் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். அது பெயரும் காரணமும் சிகிச்சையும் உள்ள ஒரு நிலை என்பதை அறிய எனக்குப் பல குளிர்காலங்கள் ஆயின. அந்த ஆண்டுகள் வேறு ஒருவருக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லன். ஆய்வுகள் உறுதிப்படுத்தியவற்றையும், அவற்றை நம் வீடுகளில் நடைமுறைப்படுத்தும் வழிகளையும் ஒழுங்காகச் சொல்வதே என் நோக்கம்.

முதற்படி: வந்திருப்பது என்னவென்று அடையாளம் காணுதல்

தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நோர்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர், வடக்கின் குளிர்காலம் தம்முடைய ஊக்கத்தையே குறைப்பதைக் கவனித்தவர். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அவரும் அவருடன் பணியாற்றியோரும் 1984இல் இந்நிலையை முறையாக விவரித்துப் பெயரிட்டனர். தமிழில் இதைப் பருவகால மனச்சோர்வு என்கிறோம். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒருவரே இதைக் கண்டுகொண்டார் என்பதில் நமக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது.

வழக்கமான மனச்சோர்வில் பலருக்குத் தூக்கம் கெடும், பசி குன்றும். குளிர்கால மனச்சோர்விலோ பெரும்பாலும் இதற்கு மாறாக நடக்கும். தூக்கம் மிகும், ஆனால் எழும்போது புத்துணர்ச்சி இராது. சோறு, பாண், இனிப்பு ஆகியவற்றின் மீது அடக்க முடியாத நாட்டம் உண்டாகி எடை கூடும். கை கால்கள் ஈயம் கட்டியதுபோல் கனக்கும். மனிதர் கூடும் இடங்களைத் தவிர்க்கத் தோன்றும். இவை ஏதேனும் ஒரு குளிர்காலத்தில் மட்டும் வந்து போயிருந்தால் வேறு காரணம் இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளாவது இலையுதிர்காலத்தில் தொடங்கி, இளவேனிலில் தானாக விலகியிருந்தால் பருவகால மனச்சோர்வு என்று ஐயுற இடமுண்டு. கனடாவில் மக்கள்தொகையில் 2 முதல் 3 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் இதன் கடுமையான வடிவத்துக்கு ஆளாகிறார்கள் என்றும், மேலும் 15 சதவீதத்தினரளவில் மிதமான வடிவத்தை அனுபவிக்கிறார்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது.

செப்டெம்பர் மாதத்திலேயே ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வோர் இரவும் மூன்று எண்களை மட்டும் எழுதி வாருங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பகல் வெளிச்சத்தில் எத்தனை நிமிடம் வெளியே இருந்தீர்கள், பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவில் மனநிலை எப்படி இருந்தது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்த வேலை, எந்த வாரத்தில் சரிவு தொடங்குகிறது என்பதைக் காட்டும். வைத்தியரிடம் போகும்போது, "கொஞ்ச நாளாக ஏலாமல் கிடக்கு" என்பதைவிட இந்தப் பக்கங்கள் அதிகம் பேசும்.

இத்துடன் ஒரு முன்னெச்சரிக்கை. தைரொயிட் சுரப்புக் குறைவு, இரத்தச்சோகை, விற்றமின் பி12 குறைபாடு, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஆகியவையும் இதே களைப்பைத் தரும். நம்மவரிடையே நீரிழிவு மிகுதி. சைவ உணவு மட்டும் உண்போரிடம் பி12 குறைபாடும் அரிதன்று. ஆகவே குளிர்காலத்தின் மேல் பழியைப் போடுமுன் குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

இரண்டாம் படி: உடலின் கடிகாரத்தைப் புரிந்துகொள்ளுதல்

பார்ப்பதற்கு உதவும் கலங்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே தனிக் கலங்கள் கண்ணின் விழித்திரையில் உள்ளன என்பது 2002இல் உறுதியாயிற்று. நீலத்தன்மையுள்ள வெளிச்சத்துக்கு மிகுதியாகத் துலங்கும் இக்கலங்கள், மூளையின் அடிப்பகுதியில் நெல்மணியைவிடச் சிறிதான ஒரு கலத் தொகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. நம் உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே. இருட்டும்போது, தூக்கத்துக்கு உடலை ஆயத்தமாக்கும் மெலற்றோனின் என்ற சுரப்பு எழுவதும், விடியும்போது அது அடங்குவதும் அதன் ஆணைப்படியே நடக்கின்றன. காலையில் போதிய ஒளி கண்ணுக்குள் புகாவிட்டால் இக்கடிகாரம் பின்தங்குகிறது. வேலைக்கு எழுந்து நிற்கும் மனிதருக்கு உள்ளுக்குள் இன்னும் நள்ளிரவு முடியாதிருக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தின் செயற்பாடும் குளிர்காலத்தில் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கே "போதிய ஒளி" என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒளியின் செறிவை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். மாலையில் மின்விளக்கு எரியும் நம் வரவேற்பறை 100 முதல் 300 லக்ஸ் அளவில்தான் இருக்கும். நல்ல அலுவலகம் 500 லக்ஸைத் தொடலாம். முகில் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வெயில் எறிக்கும் நாளில் அது பல பத்தாயிரங்களை எட்டும். கண்மணி சுருங்கி விரிந்து தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரும் வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. வீட்டுக்குள் விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு, வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். உடலின் கடிகாரத்துக்கோ அது அந்தி வேளை.

மூன்றாம் படி: பகலொளியை நாள்தோறும் தேடிச் செல்லுதல்

காசு செலவில்லாத மருந்து இது. எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணி நேரம் வெளியே நடவுங்கள். வானம் முகிலாக இருப்பதைக் காரணமாக்கித் தவிர்க்க வேண்டாம். பனி கொட்டியிருக்கும் நாளில் நிலத்திலிருந்து தெறிக்கும் ஒளியும் சேர்வதால் அன்று கிடைக்கும் பயன் கூடுதல். சூரியன் எழுமுன் வேலைக்குச் செல்வோர் மதிய இடைவேளையின் முதல் இருபது நிமிடங்களை வெளியில் கழித்துவிட்டு, மீதி நேரத்தில் உண்ணலாம். பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வோர் காரில் ஏற்றி விடுவதற்குப் பதிலாக நடத்திக் கூட்டிச் சென்றால் இருவருக்கும் ஒளி கிடைக்கும்.

குளிரைத் தாங்குவதற்குத் தடித்த ஒற்றை உடையைவிட மெல்லிய உடைகளை மூன்று அடுக்காக அணிவது நல்லது: வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் உள்ளுடை, கம்பளி, காற்றைத் தடுக்கும் மேலுடை. பருத்தி உள்ளாடை நனைந்தால் உடலைக் குளிர்விக்கும் என்பதை நம்மில் பலர் தாமதமாகவே கற்கிறோம். காற்றுக் குளிர் சுட்டெண் சுழியத்துக்குக் கீழே 28ஐ எட்டினால், மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் சுற்றுச்சூழல் அமைச்சு எச்சரிக்கிறது. அத்தகைய நாளில் மட்டும் நடையை வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் அப்படிப்பட்ட நாள்கள் குறைவே. வயதானவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய ஆபத்து வழுக்கி விழுவதே. சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டியை வாங்கிக் கொடுப்பது அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரச் செய்யும் முதல் உதவி.

நான்காம் படி: ஒளி விளக்கைச் சரியாகப் பயன்படுத்துதல்

வெளியே போக வழியில்லாதவர்களுக்கும், போயும் சோர்வு தீராதவர்களுக்கும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முதன்மையான சிகிச்சை ஒளிச்சிகிச்சை. 2006இல் கனடாவின் நான்கு மையங்களில் 96 பேரை வைத்து நடத்தப்பட்டு வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் இருந்தவர்களிலும், ஃபுளுவொக்சற்றின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தவர்களிலும், சமமாக 67 சதவீதத்தினர் முன்னேற்றம் கண்டனர். மாத்திரைக்கு நிகராக ஒரு விளக்கு வேலை செய்கிறது என்பதை நம் சமூகத்தில் இன்னும் பலர் அறியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

வாங்குமுன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, 10,000 லக்ஸ் என்ற அளவு எந்தத் தொலைவில் கிடைக்கிறது என்பது. பெட்டியின் மேல் பெரிதாக 10,000 என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் தாளில் 15 சென்றிமீற்றர் தொலைவில் மட்டுமே அது கிடைக்கும் என்று எழுதியிருக்கக்கூடும். அவ்வளவு நெருக்கத்தில் ஒருவராலும் அரை மணி நேரம் உட்கார முடியாது. 30 முதல் 60 சென்றிமீற்றர் தொலைவில் அந்த அளவைத் தரும் விளக்கே பயன்படும். இரண்டாவது, புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். தோலைக் கருக்கும் விளக்குகள் இதற்கு ஒருபோதும் மாற்றல்ல. அவை கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்யும். மூன்றாவது, ஒளி விழும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். கைப்பேசி அளவுள்ள சிறிய விளக்கின் முன் தலையைச் சற்று அசைத்தாலும் ஒளியின் அளவு பாதியாகிவிடும். நீல நிறம் தேவையில்லை. வெள்ளை ஒளி போதும். சில வேலைத்தலக் காப்புறுதிகள் வைத்தியரின் கடிதத்தின் பேரில் இதன் விலையைத் திருப்பித் தருவதால், வாங்குமுன் விசாரிப்பது நல்லது.

எழுந்தவுடன், கூடியவரை காலை எட்டு மணிக்குள், விளக்கை மேசையில் சற்று உயரமாகவும் பக்கவாட்டிலும் வைத்து முன்னால் அமருங்கள். கண்கள் திறந்திருக்க வேண்டும். ஆனால் விளக்கையே உற்று நோக்கக் கூடாது. அந்த அரை மணி நேரத்தில் தேநீர் அருந்தலாம், நாளிதழ் படிக்கலாம், தேவாரம் பாடலாம், பிள்ளையின் தலையை வாரிவிடலாம். சமையலறை மேசையில் விளக்கை நிலையாக வைத்துவிட்டால் ஒருநாளும் தவறாது; அலுமாரிக்குள் எடுத்து வைத்தவர்கள் இரண்டாம் வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். பலன் சில நாள்களிலேயே தெரியத் தொடங்கலாம். ஆனாலும் இரண்டு வாரம் முழுமையாகச் செய்து பார்க்காமல் பயனில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இடையில் நிறுத்தினால் சில நாள்களில் சோர்வு திரும்பும். மாலையில் பயன்படுத்தினால் தூக்கம் கெடும். இரவு வேலை செய்து பகலில் தூங்குவோர் வேளையைத் தாமாகக் கணிக்காமல் வைத்தியரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

தொடக்கத்தில் சிலருக்குத் தலைவலியும் கண் கூச்சமும் வரும். தொலைவைக் கூட்டியோ நேரத்தைக் குறைத்தோ தொடங்கினால் அவை தணியும். ஆனால் பின்வருவோர் மருத்துவ ஆலோசனை இல்லாமல் இந்த விளக்கைத் தொடவே கூடாது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் பிற விழித்திரை நோயுள்ளவர்களும் முதலில் கண் மருத்துவரைக் காண வேண்டும். நம் குடும்பங்களில் இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதை எண்ணிப் பாருங்கள். மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயுள்ளவர்களுக்கு இந்த ஒளி கட்டுக்கடங்காத எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். ஒளிக்கு உணர்திறனைக் கூட்டும் மருந்துகளை எடுப்போரும் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டையும் இரவையும் மாற்றியமைத்தல்

புதிதாக வந்தவர்களும் சிக்கனமாக வாழ முயல்வோரும் பெரும்பாலும் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றில்தான் குடியிருக்கிறார்கள். தரைமட்டத்தில் இருக்கும் அந்தச் சிறிய யன்னலின் வெளிக்குழியைப் பனி மூடிவிட்டால் பகல் முழுவதும் இரவாகிவிடும். பனி பெய்த ஒவ்வொரு காலையும் அந்தக் குழியைத் துப்புரவாக்குங்கள். அவசர வேளையில் வெளியேறும் வழியாகவும் அது தேவைப்படலாம். யன்னலுக்கு எதிரே இருக்கும் பொருள்களை அகற்றி, சாப்பிடும் மேசையை அதன் அருகே போடுங்கள். மேல்தளத்தில் வாழ்வோர் கனத்த திரைகளைக் காலையிலேயே முழுவதும் விலக்கிவிட வேண்டும். வீட்டு உரிமையாளராக இருப்பவர் பேஸ்மென்ற்றில் இருப்பவரைக் காலைத் தேநீருக்கு மேலே அழைத்தால், அந்த அழைப்பில் வெளிச்சமும் துணையும் சேர்ந்தே கிடைக்கும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றே: எழும் நேரம் வார நாளுக்கும் விடுமுறைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் பதினொரு மணி வரை தூங்கினால், கிடைக்கும் ஒன்பது மணி நேரப் பகலில் மூன்று மணி நேரத்தை நாமே எறிந்துவிடுகிறோம். கடிகாரமும் பின்தள்ளப்பட்டு, திங்கட்கிழமை காலை மலையேறுவதுபோல் ஆகிவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்குமேல் விளக்குகளை மங்கலாக்குங்கள். படுக்கையில் கைப்பேசியோடு கிடப்பது, காலையில் பாடுபட்டுத் தேடிய ஒழுங்கை இரவில் குலைப்பதாகும். அலாரத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து மெல்ல மெல்ல ஒளி கூட்டும் விடியல் விளக்குகளும் உள்ளன. இருளில் எழ முடியாமல் தவிப்போருக்கு அவை நல்ல துணை.

ஆறாம் படி: உடலை அசைத்தல், உணவைக் கவனித்தல்

ஊக்கம் வந்தபின் நடக்கலாம் என்று காத்திருந்தால் அது பங்குனி வரை வராது. நடந்தால்தான் ஊக்கம் வரும் என்பதே மனச்சோர்வுச் சிகிச்சையில் நன்கு சோதிக்கப்பட்ட கொள்கைகளுள் ஒன்று. ஆகவே முதல் வாரத்தில் பத்து நிமிடம் மட்டும் என்று முடிவு செய்யுங்கள். வெளியே போக முடியாத நாள்களில் பேரங்காடிகளின் நீண்ட நடைபாதைகள் காலையில் நடப்பதற்கு உகந்தவை; ஸ்காபரோவில் நம் முதியவர்கள் பலர் அப்படித்தான் கூட்டமாக நடக்கிறார்கள். நகரசபையின் சமூக மையங்கள் சிலவற்றில் பயிற்சி வகுப்புகள் இலவசம்.

ஓரிடத்தை மட்டும் தனியே குறிப்பிட விரும்புகிறேன். நகர மையத்தில் உள்ள அலன் பூங்காவின் கண்ணாடிக் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதன் பனைக் கூடம் 1910இல் திறக்கப்பட்டது. வெளியே சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகை இருக்கும் நாளில் கதவைத் திறந்து உள்ளே போனால், ஈரமண்ணின் மணமும் வாழையிலையின் பச்சையும் முகத்தில் வந்து மோதும். முதன்முறை அங்கே போனபோது கண்ணாடி கூரை வழியே விழுந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் வாங்கில் அமர்ந்திருந்தேன். ஊரிலிருந்து அண்மையில் வந்த பெற்றோரை ஒருமுறையாவது அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

உணவில் நான் வலியுறுத்துவது சிறிதே. மாலை நான்கு மணிக்கு எழும் இனிப்பு ஆசைக்கு முன்கூட்டியே அவித்த கடலையோ பயறோ தயாராக இருந்தால், றோல்ஸும் கேக்கும் தேவைப்படா. வெள்ளைச் சோற்றைக் குறைத்து, சிவப்பரிசி, குரக்கன், பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றைக் கூட்டினால் களைப்பு குறையும். சோர்வைப் போக்குவதற்கென்று மது அருந்துவது மறுநாள் அச்சோர்வை இரட்டிப்பாக்கும். நம் ஆண்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விற்றமின் டி பற்றிப் பல மிகைக்கூற்றுகள் உலவுகின்றன. இந்த அகலாங்கில் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான வெயில், தோலில் விற்றமின் டியை உருவாக்கப் போதுமானதன்று. கறுத்த தோலுக்கு மற்றக் காலங்களிலும் கூடுதல் வெயில் தேவை. ஆகவே எலும்பின் நலனுக்காக இதை எடுப்பது நியாயமே. கனடாவின் பரிந்துரை 70 வயது வரையான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகுகள் (IU), அதற்கு மேற்பட்டோருக்கு 800. வைத்தியர் சொல்லாமல் 4,000 அலகுகளைத் தாண்டக் கூடாது. ஆனால் மனச்சோர்வைத் தடுக்குமா என்பதை 18,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு, தடுக்கவில்லை என்றே கண்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு விளக்கையும் நடையையும் கைவிட வேண்டாம். இதன் அளவை அறியும் இரத்தப் பரிசோதனையை 2010 முதல் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டுமே ஏற்கிறது; மற்றவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஏழாம் படி: தனிமையை உடைத்தல்

நம் நாட்காட்டி இக்காலத்துக்கு ஏற்ற துணை. கார்த்திகை விளக்கீடு இருள் இறுகும் வேளையில் வருகிறது. மார்கழி விடியற்பூசைக்கு எழுவோர், தூக்கத்தின் ஒழுங்கைத் தாமறியாமலே காத்துக்கொள்கிறார்கள். மிகக் குளிரான தை மாதத்தில் பொங்கல் வருகிறது. ஒன்ராறியோ 2014இலும், கனடாவின் மக்களவை 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதிலிருந்து அம்மாதம் முழுவதும் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. பார்வையாளராக மட்டும் போய் வந்தால் பயன் பாதியே. கோலம் போடுவது, கதிரை அடுக்குவது, சமையலில் கைகொடுப்பது என ஏதேனும் ஒரு பொறுப்பை ஒக்டோபரிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். மனம் பின்வாங்கும் நாளில், வருவதாகச் சொன்ன வாக்கு நம்மை வீட்டைவிட்டு வெளியே இழுத்துச் செல்லும்.

பிள்ளைகள் அழைப்பித்த பெற்றோரின் நிலை தனியே பேசப்பட வேண்டியது. ஊரில் விடிந்ததும் முற்றம் கூட்டி, கோயிலுக்கு நடந்து, பின்னேரம் விறாந்தையில் இருந்து அயலவரோடு கதைத்தவர்கள், இங்கே மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்குள் பத்து மணி நேரம் தனித்திருக்கிறார்கள். அவர்கள் "மனச்சோர்வு" என்ற சொல்லைச் சொல்வதில்லை. "கை கால் உளையுது", "நெஞ்சு பாரமாய்க் கிடக்கு", "சாப்பாடு ருசிக்கேல்லை" என்பார்கள். "அம்மா, கவலையாய் இருக்கிறீங்களோ?" என்று கேட்டால் "எனக்கென்ன கவலை" என்ற பதிலே வரும். "அம்மா, இரவு நித்திரை கொண்டனீங்களோ? இன்றைக்கு யாரோடு கதைச்சனீங்கள்?" என்று கேளுங்கள், பதிலிலிருந்தே நிலை புரியும். கிழமைக்கு இரண்டு நாளாவது முதியோர் சங்கத்துக்கோ கோயிலுக்கோ அவர்களைக் கொண்டு சேர்க்கும் போக்குவரத்தை ஒழுங்கு செய்வதும், தனியாகப் பேருந்தில் செல்லப் பழக்குவதும் எந்த மருந்துக்கும் குறைந்தவையல்ல. ஸ்காபரோவின் பொது நூலகக் கிளைகள் பலவற்றில் தமிழ் நூல்கள் உள்ளன; யன்னலோரம் இருக்கையும் உண்டு.

போரில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு நவம்பர் இறுதியின் நினைவுகூரல் நாள்களும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் நினைவான டிசம்பர் 26ஆம் திகதியும் இதே இருளில் வருகின்றன. இழப்பின் துயரத்துக்கு விளக்கு மருந்தாகாது. அந்நாள்களில் ஒருவரைத் தனியே விடாதிருப்பதும், பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்பதுமே நாம் செய்யக்கூடியவை.

எட்டாம் படி: எண்ணங்களைச் சோதித்தலும் மருத்துவ உதவியும்

"இந்த நாட்டுக் குளிர்காலம் எனக்கு ஒத்துவராது, ஏப்ரல் வரை ஒன்றும் செய்ய முடியாது" என்ற எண்ணம் நம்மை உட்கார வைத்துவிடுகிறது; உட்கார்ந்திருப்பதால் சோர்வு கூடி, அந்த எண்ணமே மெய்போல் தோன்றுகிறது. இந்தச் சுழலை அறுக்கப் பயிற்சி தருவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்காவின் வெர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் 177 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டு குளிர்காலங்கள் கழித்து, ஒளிச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 46 சதவீதத்தினருக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 27 சதவீதத்தினருக்கும் சோர்வு மீண்டும் வந்தது. விளக்கு எரியும் வரைதான் பயன் தரும். கற்ற பழக்கம் அடுத்த ஆண்டும் கூட வருகிறது. ஒன்ராறியோவில் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு இச்சிகிச்சையைப் பெரியவர்களுக்கு இலவசமாக வழங்கும் அரச திட்டம் உண்டு. குடும்ப வைத்தியரிடம் கேட்டால் அதற்கு அனுப்பி வைப்பார். ஆண்டுதோறும் கடுமையாகப் பாதிக்கப்படுவோருக்கு இலையுதிர்காலத்திலேயே தொடங்கும் தடுப்பு மருந்துகளும் உள்ளன.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாதிருந்தாலோ, வேலைக்கோ பிள்ளைகளின் பராமரிப்புக்கோ எழ முடியாமற் போனாலோ, வீட்டு வழிகளை மட்டும் நம்பியிராமல் வைத்தியரைக் காணுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் அன்றே பேசுங்கள். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம்; ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதிலளிப்பார்கள். மொழி தெரியாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 911.

எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது

பலர் தை மாதத்தில் விழுந்த பின்னர்தான் எழ முயல்கிறார்கள். செப்டெம்பரில் கொப்பியைத் தொடங்குங்கள்; ஒக்டோபர் நடுப்பகுதியில், அல்லது உங்கள் சோர்வு வழக்கமாகத் தலைகாட்டும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக, விளக்கை மேசைக்குக் கொண்டுவாருங்கள். நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும்போது, ஆறு மணியளவில் மறைந்த சூரியன் ஒரே நாளில் ஐந்து மணியளவில் மறையத் தொடங்கும். அந்த வாரத்தின் மாலைகளுக்கு முன்கூட்டியே யாரையாவது சந்திக்கும் ஏற்பாடு இருக்கட்டும்.

பெப்ரவரி இரண்டாம் வாரமளவில் பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். மனம் தெளியத் தொடங்கும். விளக்கை நிறுத்திவிடலாம் என்று பலருக்கும் தோன்றும் வேளை இது. ஆனால் மார்ச்சின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் மீண்டும் முன்னே போகும்போது, ஆறே முக்கால் மணியளவில் வரத் தொடங்கியிருந்த விடியல் ஏழே முக்காலுக்குத் தள்ளிப்போய், காலை மறுபடியும் இருண்டுவிடும். அந்த ஒரு வாரத்தில் சறுக்கியவர்களை நான் அறிவேன். ஆகையால் ஏப்ரல் வரை விளக்கை மேசையிலேயே வைத்திருங்கள். அதன்பின், நேரத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தி, கொப்பியைத் திறந்து சரிவு தொடங்கிய திகதியைப் பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முந்திய நாளை அடுத்த இலையுதிர்காலத்து நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டபின், விளக்கை அதன் பெட்டிக்குள் வைத்து மூடலாம்.